கேசட் நின்றுபோகும் இடம்

என் கல்யாண வீடியோவை நகல் எடுக்க எனக்கு அனுமதி இல்லை என்று ஓர் இயந்திரம் சொன்னது. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மட்டாஞ்சேரி வீட்டு முன்னறையில் நானும் என் கணவரும் தரையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வந்து நின்றது. அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் பொருள் இவ்வளவுதான்: இது நகல் தடுப்பு உள்ள நிகழ்ச்சி, பதிவு செய்ய முடியாது. பட்டைக்குப் பின்னால் பந்தியின் கடைசியில் உட்கார்ந்து என் சித்தப்பாக்கள் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கணவர் சிரித்தார். நம் கல்யாணத்தை யாரோ சினிமா என்று நினைத்துவிட்டார்கள் என்றார். எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது.

அந்தக் கேசட் அம்மாவுடையது. கல்யாணம் முடிந்தபோது ஸ்டுடியோக்காரர் இரண்டு பிரதி கொடுத்தார். ஒன்று என்னோடு திருச்சூருக்குப் போய், புகுந்த வீட்டு ஈரத்தில் பூஞ்சை பிடித்து, எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. மற்றது இங்கே அம்மாவின் இரும்பு அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. அப்பா இறந்து, என் கணவரும் ஓய்வு பெற்றபிறகு நாங்கள் இந்த வீட்டுக்கே வந்துவிட்டோம். நான் தோப்பும்படியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. பார்வை தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது அந்தக் கேசட்டைத்தான். வீட்டில் இருந்த பழைய பிளேயர் பழுதாகி, பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்க்காரனிடம் போய்ப் பல வருஷமாகிறது. டிஸ்க்கில் போட்டுத் தா, என்றாள். டிவிக்குக் கீழே இருக்கும் டிவிடி பிளேயரை மட்டும் அவளுக்குத் தானாக இயக்கத் தெரியும். காலையில் அதில்தான் பக்திப் பாட்டு கேட்பாள். பெங்களூரில் இருக்கும் என் மகள், இந்தக் காலத்தில் யார் டிஸ்க் பார்க்கிறார்கள், ஃபோனில் போட்டுக் கொடு பாட்டிக்கு என்றாள். ஃபோன் திரை தீப்பெட்டி மாதிரி இருக்கிறது, அதில் யார் முகம் தெரியும் என்று அம்மா மறுத்துவிட்டாள்.

கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் மஸ்கட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த இயந்திரம் ஒன்று அவர் வீட்டுப் பரணில் இருந்தது. ஒரு பக்கம் கேசட், மறுபக்கம் டிஸ்க். ஒரு பொத்தானை அழுத்தினால் இதிலிருந்து அதற்குப் பதிவாகும். அதை வாங்கிவந்துதான் உட்கார்ந்திருந்தோம். நாதஸ்வரம், மாலை மாற்றுதல், தாலி கட்டுதல், எல்லாம் ஒழுங்காகப் பதிவாகிக்கொண்டு வந்தது. பந்தி வந்தது. வரிசையின் கடைசியில் காமிரா திரும்பி, பின்கதவுப் பக்கம் போகும்போது படம் நடுங்கியது. பட்டை வந்துவிட்டது.

மறுபடி முதலிலிருந்து போட்டோம். அதே இடத்தில் நின்றது. அந்த இடத்தைத் தாண்டிப் போட்டுப் பார்த்தோம், பதிவானது. பின்னால் இழுத்து அந்த இடத்துக்கு வந்தால் நின்றது. அடுத்த வாரம் முழுக்கக் கடையிலிருந்து வந்ததும் இதுவே வேலையாகிவிட்டது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பின்கதவுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கூஜாவோடு நிற்பது என் தம்பி.

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. எனக்கு ஏழு வயது இளையவன். காது கேளாதோர் பள்ளியில் பத்தாவதுவரை படித்தான். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது அவனோடு பேச எனக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த சைகை அல்ல அது. சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் விளையாட்டாகச் செய்துகொண்டது. தோளிலிருந்து பின்னலை இழுத்துக் காட்டினால் நான். இடுப்பில் சாவிக்கொத்தைத் தட்டினால் அம்மா. மூக்கைப் பிடித்துக்கொண்டால் அப்பா, ஏனென்றால் அப்பா மிளகு, சுக்கு வியாபாரிகளின் கிடங்கில் கணக்கு எழுதிவிட்டு அந்த நெடியோடுதான் வீட்டுக்கு வருவார். இப்படி நூற்றுக்கணக்கில் இருந்தன. அம்மாவும் அப்பாவும் சாப்பிடு, தூங்கு, கடைக்குப் போ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். பள்ளியில் கூடப் படித்த ஒருவன் அங்கே பனியன் கம்பெனியில் இருந்தான். அங்கே அவர்களைப்போலப் பலர் வேலை பார்த்தார்கள். போனவன் அங்கேயே தையல் பிரிவில் நிலைத்து, தன்னைப்போலவே காது கேளாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஒரு மகள், அவளுக்குக் காது கேட்கும். மட்டாஞ்சேரிக்கு எப்போதாவது வருவான். இரண்டு நாள் இருப்பான். அம்மா வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, ஃபோனில் நண்பர்களோடு கையசைத்துப் பேசிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான். அவன் போன பிறகு அம்மா, வந்தான், ஒன்றும் சொல்லவில்லை, போனான் என்பாள்.

கேசட்டை எர்ணாகுளத்தில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். பழைய வீடியோவை டிஸ்க்கில் போட்டுத் தருவதாகப் பலகை வைத்திருந்தார்கள். அங்கே இருந்த இளைஞர் போட்டுப் பார்த்தார். அவருடைய இயந்திரத்திலும் அதே இடத்தில் தடுப்பு என்று வந்தது. அவர் முகம் மாறிவிட்டது. கல்யாணத்துக்கு நடுவில் ஏதாவது சினிமாவைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சினிமாவை நகல் எடுத்தால் தனக்குத்தான் தொந்தரவு என்று சொல்லிக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார். திரையில் என் அம்மாவும் தம்பியும் அசையாமல் நின்றிருந்தார்கள். அவர்களைக் காட்டி, இவர்கள் நடிகர்களா என்று கேட்கலாம்போல இருந்தது. கேட்கவில்லை.

ஸ்டுடியோக்காரன்தான் பூட்டுப் போட்டிருக்கிறான் என்பது கணவரின் முடிவு. வேறு எங்கும் பிரதி எடுக்காமல் தன்னிடமே வரவேண்டும் என்று அந்தக் காலத்தில் சிலர் அப்படிச் செய்தார்களாம். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாயாவும் கேக்கும் விற்கிறார்கள். விசாரித்ததில் அந்தச் சேட்டன் கும்பளங்கியில் மீன் வளர்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போனேன்.

வீட்டுக்குப் பின்னாலேயே இறால் வளர்க்கும் நீர்ப்பாத்தி, கெட்டு என்பார்கள். அவர் முழங்கால் சேற்றோடு ஏறிவந்து, கை கால் கழுவிக்கொண்டு, கேசட்டை வாங்கிப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்தது அவருடைய கையெழுத்துத்தான். பூட்டுப் போட்டீர்களா என்று நான் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. யாருடைய கல்யாணத்துக்கும் தான் பூட்டுப் போட்டதில்லை என்றார். ஆனாலும் உள்ளே கூப்பிட்டு, மூடிவைத்திருந்த பிளேயரைத் துடைத்துக் கேசட்டைப் போட்டார். பந்தி முடிந்து படம் நடுங்கும் இடம் வந்தது. பின்னால் இழுத்தார். மறுபடி போட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனார்.

"இது பூட்டு இல்ல சேச்சி, தேய்ஞ்சது," என்றார். "இங்க யாரோ நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்காங்க. கொஞ்சநஞ்சம் இல்ல."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தமட்டும் சொல்கிறேன். சினிமாக் கேசட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத பகுதியில் வேண்டுமென்றே ஒரு குழப்பத்தைச் சேர்த்துவைப்பார்கள். பதிவு செய்யும் இயந்திரம் அந்தக் குழப்பத்தைத் தேடும், கண்டால் நின்றுவிடும். படத்தை அசையாமல் நிறுத்தும்போது உள்ளே சுழலும் உருளை டேப்பின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கில் அப்படித் தேய்ந்த டேப்பிலும் அதேமாதிரி ஒரு குழப்பம் வரும். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

யார் நிறுத்திப் பார்த்திருப்பார்கள் என்று நான் யோசித்தேன். தம்பிதான் என்று தோன்றியது. ஊரைவிட்டுப் போவதற்கு முன் தன்னைத் தானே பார்த்திருப்பான். பதினேழு பதினெட்டு வயதுப் பையன்.

சேட்டனிடம் பழைய மிக்ஸர் ஒன்று இருந்தது. கல்யாண வீடியோவில் இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை பெண்ணை வைப்பது, ஒரு படம் புரண்டு மறுபடமாவது, எல்லாம் அதில் செய்ததுதான். உள்ளே வரும் படத்தை அது முதலில் நேராக்கிவிட்டுத்தான் வெளியே விடுமாம். பிளேயருக்கும் பதிவு இயந்திரத்துக்கும் நடுவில் அதை வைத்தால் வேலை முடிந்துவிடலாம் என்றார். பரண் மேலிருந்து இறக்கி, தூசி தட்டி, வயர்களைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் மதியமாகிவிட்டது. அவர் மனைவி கப்பைக் கிழங்கும் மீனும் கொடுத்தார். எங்கள் வீட்டில் மீன் சாப்பிடுவதில்லை என்பதால் கப்பையை மட்டும் தேங்காய்த் துவையலோடு சாப்பிட்டேன்.

அந்த இடத்தைச் சரியாகக் கொண்டுவர அவர் குமிழ்களைத் திருகித் திருகி, திரும்பத் திரும்ப ஓட்டினார். வேறு வேலை இல்லாமல் நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். காமிராவுக்குப் பின்னாலிருந்து யாரோ, அவனையும் ஏதாவது சொல்லச் சொல்லுங்க, என்று கேட்கிறார்கள். தம்பி கூஜாவைக் கீழே வைக்கிறான். கையை ஆட்டுகிறான். பக்கத்தில் அம்மா, கழுத்து நிறைய நகையோடு சிரித்துக்கொண்டு, அவன் தோளில் கைவைத்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் என் மாமியார். அம்மாவின் குரல் கேட்கிறது: "அக்கா கல்யாணம், ரொம்பச் சந்தோஷம்ங்கறான்." பின்னாலிருந்து யாரோ ஆகா என்கிறார்கள். காமிரா நகர்ந்துவிடுகிறது.

அந்தப் பகுதியை நான் இதற்கு முன்னும் பார்த்திருந்தேன், திருச்சூரில், புகுந்த வீட்டுக் கூட்டத்துக்கு நடுவில். அப்போது அம்மாவின் குரலைத்தான் கேட்டிருக்கிறேன். காது உள்ளவர்கள் அப்படித்தான் போலிருக்கிறது. சொல்வதைக் கேட்டதும் பார்ப்பது நின்றுவிடுகிறது. இந்த முறை சேட்டன் ஒலியைக் குறைத்துவைத்திருந்தார். சத்தமில்லாமல் ஐந்தாறு முறை ஓடியபிறகு என் கண் தம்பியின் கையில் நின்றது.

பின்னல். அக்கா. கை வெளியே போகிறது. போகிறாள். இரண்டு கையின் விரல்களும் ஒன்றையொன்று பார்த்துத் திறந்து மூடுகின்றன. பேசுவது. பிறகு உள்ளங்கை மேலே விரிகிறது. யாரோடு? இடுப்பில் சாவிக்கொத்து. அம்மா. கை கண் முன்னால் குறுக்கே போகிறது. தெரியாது.

அக்கா போகிறாள். நான் யாரோடு பேசுவது? அம்மாவுக்குத் தெரியாது.

இன்னும் ஏதோ சொல்ல அவன் கை நெஞ்சுக்கு வருகிறது. அம்மாவின் வளையல் கை வந்து அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்குகிறது. அவள் சிரிப்பு மாறவே இல்லை.

டிஸ்க் பதிவாகிவிட்டது என்று சேட்டன் சந்தோஷமாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டச் சொல்லி என் ஃபோனில் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் அதைத் தம்பிக்கு அனுப்பினேன். நீ சொன்னது இதுதானா என்று கீழே எழுதினேன். அனுப்பிய பிறகு அனுப்பியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அடுத்த நாள் மாலை அவன் வீடியோ காலில் வந்தான். நான் மொட்டைமாடிக்குப் போனேன். முதலில், நான் அனுப்பியதில் இருந்த தன் அரும்பு மீசையைச் சொல்லிச் சிரித்தான். பிறகு, நீ படித்தது சரி, ஆனால் கடைசியில் ஒன்று பாக்கி என்றான். எங்களுக்குள் இப்போது பழைய சைகை பாதி, மலையாளத்தில் எழுதிக் காட்டுவது பாதி. கை நெஞ்சுக்கு வந்ததே, அதற்கு அப்புறம் நான் சொல்ல வந்தது, என்னையும் கூட்டிக்கொண்டு போ. அம்மா கையைப் பிடித்துவிட்டாள். அப்புறம் அது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுதி அனுப்பினான்: டிஸ்க்கில் என்னைப் போடுவதானால் நான் சொன்னதை அடியில் எழுத்தில் போடு. முடியாதென்றால் என்னை வெட்டிவிடு. அம்மா சொன்னதை என் வாயில் வைக்காதே.

அடுத்த சில நாட்கள் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கடையில் மருந்துச் சீட்டை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். அம்மா, டிஸ்க் ஆச்சா என்று கேட்கும்போதெல்லாம் சேட்டன்மேல் பழியைப் போட்டேன். கணவர் இதெல்லாம் வேண்டாம் என்றார். அம்மாவுக்கு இந்த வயதில் இதைக் காட்டி என்ன ஆகப்போகிறது, தம்பிக்கு ஒன்று எழுத்தோடு, அம்மாவுக்கு ஒன்று எழுத்தில்லாமல் செய்துவிடு என்றார். நியாயமாகத்தான் பட்டது. சேட்டனிடம் ஃபோனில் கேட்டேன், இரண்டு விதமாகவும் செய்யலாம் என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவுக்கு எழுத்தில்லாத டிஸ்க்கைக் கொடுத்தால், அன்றைக்கு அவள் செய்ததைத்தான் நானும் செய்கிறேன், அவள் சிரித்துக்கொண்டு செய்த அதே காரியத்தை. ஒன்று போதும் சேட்டா, எழுத்தோடு, என்றேன்.

எந்த மொழியில் என்பது அடுத்த சங்கடம். தம்பி படிப்பது மலையாளம். நானும் பள்ளியில் படித்தது மலையாளம்தான்; தமிழ் எழுத்தை அம்மா வாங்கும் வாரப் பத்திரிகைகளைக் கூட்டிக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், மலையாளம் பேசுவாள், படிக்க மாட்டாள். அவள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே எழுத்து. தமிழில் அடித்து அனுப்பினேன். சேட்டனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியும் எந்த இடத்தில் வரவேண்டும் என்று சைகையைச் சொல்லிச் சொல்லி விளக்கினேன். கடைசி வரியை, நெஞ்சிலிருந்து கை கீழே இறங்கும் இடத்தில் வைக்கச் சொன்னேன்.

அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டியது ஒரு மதியம். வெளியே மழை. கணவர் எர்ணாகுளத்துக்குப் போயிருந்தார். அம்மா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாலை மாற்றும் இடத்தில், உன் மாமன் உன்னைத் தூக்க முடியாமல் தூக்கினான் பார் என்று சிரித்தாள். பந்தி வந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து வரும்போது அவள் உதடு அசைந்தது, கோயிலில் சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பாளே, அப்படி. கடைசி வரி வந்து போனது. காமிரா சமையல்கட்டுக்குப் போய்விட்டது.

ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள்.

"இது எனக்குத் தெரியும்," என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"கடைசியில எழுதியிருக்கியே, கூட்டிட்டுப் போன்னு. அது மட்டும்தான் தெரியாது. மத்ததெல்லாம் தெரியும்."

அவன் திருப்பூருக்குப் போன பிறகு, மதியத்தில் அப்பா கிடங்கில் இருக்கும் நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு கேசட்டைப் போடுவாளாம். நிறுத்துவாள், பார்ப்பாள், கொஞ்சம் நகர்த்துவாள், மறுபடி நிறுத்துவாள். பின்னலென்றால் நான் என்பது அவளுக்கு முன்பே தெரியும். சாவிக்கொத்தென்றால் அது தன்னைத்தான் என்று புரிய வெகுநாள் ஆயிற்றாம். அவனிடம் கேட்க வெட்கம். என்னிடம் கேட்கவும் வெட்கம். பிளேயர் கெட்டுப்போகும்வரை பார்த்திருக்கிறாள். டேப் தேய்ந்தது தம்பியால் அல்ல.

"புரிஞ்சப்புறமும் ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்துவிட்டது.

அம்மா பழைய கதையை எடுத்தாள். நிச்சயதார்த்தத்துக்கு வந்த அன்றே என் மாமியார் கேட்டாளாம், இது பரம்பரையாக வருவதா, பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைக்கும் வருமா என்று. கல்யாணம் முடியும்வரை தம்பியை யார் கண்ணிலும் அதிகம் படாமல் பார்த்துக்கொள் என்று அப்பா சொன்னாராம். அதனால்தான் அவனைப் பின்கதவுப் பக்கம் தண்ணீர் ஊற்ற வைத்திருந்தது. இதெல்லாம் எனக்கு அன்றுவரை தெரியாது. அவன் கையாட்டியபோது என்ன சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை; முகத்தைப் பார்த்து ஏதோ வருத்தம் என்பது மட்டும் தெரிந்தது.

"சம்பந்தி பின்னால நிக்கறா. நான் வேற என்ன சொல்லட்டும்?" என்றாள். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அப்புறம் எனக்கு மனசிலாச்சு, மோளே. ஆனா திருப்பிச் சொல்ல எனக்குக் கை வரல்ல," என்றாள்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துச் சாயா போட்டேன். அம்மாமேல் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. சாயாவோடு திரும்பிவந்தபோது அவள் இடுப்பில் இல்லாத சாவிக்கொத்தைத் தட்டிக் கொண்டிருந்தாள். பிறகு கையைக் கண் முன்னால் குறுக்கே கொண்டுபோனாள். பிறகு மாற்றி, கையை நெற்றிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். தெரியும் என்பதற்கு எங்களிடம் இருந்த சைகை அது. எங்கே பார்த்துக் கற்றாளோ.

தம்பிக்கு இப்போதே கூப்பிடு என்றாள். வேலை நேரம், சாயங்காலம் கூப்பிடலாம் என்றேன். சாயங்காலம்வரை நாற்காலியைவிட்டு எழவில்லை.

திரையில் அவன் வந்ததும் நான் ஃபோனை அம்மாவுக்கு எதிரே பிடித்தேன். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு, கணக்கு ஒப்பிக்கும் சிறுபெண்ணைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து, மூட்டுவலிக் கையால் ஒவ்வொன்றாகச் செய்தாள். பின்னல். கை வெளியே போவது. பேசுவது. சாவிக்கொத்து. நெற்றி. எனக்கு அது புரிந்தது: அக்கா போனபோது நீ சொன்னது அம்மாவுக்குத் தெரியும்.

தம்பி புருவத்தைச் சுருக்கினான். அவனுக்குப் புரியவில்லை. மறுபடி செய்யச் சொன்னான். அம்மா செய்தாள். அவன் என்னைப் பார்த்து, அந்தப் பேசுவதற்கான சைகை என்ன என்று கேட்டான். எங்கள் வீட்டுச் சைகையில் பாதியை அவன் எப்போதோ மறந்துவிட்டிருந்தான். திருப்பூரில் அவனுக்கு வேறு மொழி, அதில் மனைவி, நண்பர்கள், சண்டை, சிரிப்பு, எல்லாம் இருக்கின்றன. பதினேழு வயதில் அவன் பேசியதை அம்மா அந்தக் கேசட்டிலிருந்து கற்று வைத்திருக்கிறாள். அப்படிப் பேசுகிறவன் இப்போது இல்லை.

நான் எழுதிக் காட்டினேன். படித்தான். பிறகு, சரி என்று தலையாட்டினான். அவ்வளவுதான். என்ன சொன்னான் என்று அம்மா கேட்டாள். சரி என்றான் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லையா என்றாள். இல்லை என்றேன். வேறு எதையாவது சேர்த்துச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. சொல்லவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. நான் அனுப்பியவற்றைப் பார்த்ததற்கான அடையாளம் மட்டும் இருக்கும். எழுத்தோடு டிஸ்க்கைக் கொடுத்தது தவறோ என்று தோன்றும். கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் மோசம் என்றும் தோன்றும். அம்மா அந்த டிஸ்க்கை மறுபடி போடவில்லை. பக்திப் பாட்டும் கேட்கவில்லை. கணவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் காலையில் தானே பிளேயரை ஓடவிட ஆரம்பித்தார்.

தீபாவளி கழிந்து தம்பி தன் மகளோடு வந்தான். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மகள் கல்லூரியில் படிக்கிறாள், பேச்சும் சைகையும் ஒரே நேரத்தில் வரும் பெண். வந்த அன்று முழுக்க அவள்தான் நடுவில் நின்று, பாட்டி சொன்னதை அப்பாவுக்கும் அப்பா சொன்னதைப் பாட்டிக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். கேசட்டைப் பற்றி யாரும் எடுக்கவில்லை. அந்த டிஸ்க் வேண்டுமா என்று கேட்டேன். வீட்டில் அதைப் போட ஒன்றும் இல்லை, ஃபோனில் இருப்பது போதும் என்றான்.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்து பேத்தி குளிக்கப் போயிருந்தாள். அம்மா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, குளியலறைக் கதவைக் காட்டி, உள்ளங்கையை மேலே விரித்தாள். பேத்திக்கு என்ன சைகை என்று கேட்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. மகளுக்குக் கன்னத்தில் குழி விழும். அவன் தன் கன்னத்தில் விரலை வைத்துத் திருகிக் காட்டினான். அதுதான் அவர்கள் வீட்டில் அவள் பெயர்.

அம்மா விரலை மோவாயில் வைத்தாள். அவன் அந்த விரலைப் பிடித்துக் கன்னத்துக்குக் கொண்டுபோனான். அவள் திருகாமல் அப்படியே வைத்திருந்தாள். திருகிக் காட்டினான். அடுத்தமுறை விரல் மறுபடி மோவாய்க்கே வந்தது. அவன் திருத்தவில்லை. சாய்ந்து உட்கார்ந்து ஃபோனை எடுத்துக்கொண்டான். அம்மா பக்கத்திலேயே இருந்து, கன்னத்தைத் தடவித் தடவி அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.